வேலியை விசாரிப்பது யார்?

கடைசியாக எப்போது போலீஸ் ஸ்டேஷன் படியேறினீர்கள்? செல்போன் தொலைந்துபோனதற்கா, பக்கத்து வீட்டுக்காரருடன் சுவர்த் தகராறுக்கா? தனியாகப் போனீர்களா, அல்லது ‘அந்த ஸ்டேஷன்ல யாரையாவது தெரியுமா?’ என்று நாலு பேருக்குப் போன் போட்டுவிட்டுப் போனீர்களா?

இரண்டாவதைத்தான் செய்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். போஸ்ட் ஆபீசுக்குப் போகும்போது நாம் யாரையும் துணைக்குத் தேடுவதில்லை. ரேஷன் கடைக்குக்கூடத் தேடுவதில்லை. நம்மைப் பாதுகாப்பதற்காகவே, நம் வரிப்பணத்தில் நடக்கும் ஓர் அலுவலகத்துக்குள் நுழைவதற்கு மட்டும் நமக்குச் சிபாரிசு தேவைப்படுகிறது. காரணம் எளிமையானது. அங்கே நமக்கு ஏதாவது நடந்துவிட்டால், வெளியே வந்து முறையிட ஓர் இடம் இல்லை என்பது நமக்கு நன்றாகத் தெரியும்.

இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்த லட்சணத்தை ஒரு முறை நேரிலேயே பார்த்தேன்.

சில வருடங்களுக்கு முன்பு, எங்கள் தெரு ஆட்டோ ஸ்டாண்டைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவரை ஒரு சப்-இன்ஸ்பெக்டர் நடுரோட்டில் அறைந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் சவாரியை இறக்கிவிட்டு வண்டியை எடுக்கத் தாமதமானதுதான் குற்றம். ஒரு வாரம் ஆகியும் அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. “விடுங்க சார்” என்றார். நான் விடவில்லை. புகாரை நானே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, பெரிய அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டேன். ஜனநாயகக் கடமையை முடித்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

இருபது நாள் கழித்து போன் வந்தது. “சார், உங்க பெட்டிஷன் நம்ம ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கு. ஒரு நடை வந்துட்டுப் போங்க.”

போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் அதே சப்-இன்ஸ்பெக்டர். அவர் முன்னால் நான் எழுதிய அதே புகார். அதன் மேல் ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று ஒரு குறிப்பு. அடித்தவரிடமே, அடித்தீர்களா என்று விசாரிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்! அவர் என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார். டீ வரவழைத்தார். நாற்காலி எனக்கு மட்டும். ஓட்டுநர் நின்றுகொண்டே இருந்தார். “மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டா முடிச்சுடலாம் சார்” என்றார் எஸ்.ஐ.

ஓட்டுநர் எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் எனக்குக் கோபம். அவர் நிதானமாகச் சொன்னார்: “நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க சார். நான் தினமும் இவங்க நிக்கிற சிக்னலைத் தாண்டணும்.”

ஒரு ஆட்டோ ஓட்டுநரின் காது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இதே பாதையில்தான் பெரிய விஷயங்களும் போகின்றன.

* * *

2020 ஜூன். சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். மகனுக்கு மூச்சுத்திணறல், தந்தைக்கு உடல்நலக் குறைவு என்றுதான் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் முதல் அறிக்கை சொன்னது.

2022 ஏப்ரல். சென்னையில், மெரினாவில் குதிரைச் சவாரி நடத்திப் பிழைத்த 25 வயது இளைஞர், வாகனச் சோதனையில் பிடிபட்டு தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். மறுநாள் இறந்தார். வாந்தி, வலிப்பு என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் விளக்கம் படித்தார். பிறகு பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. உடம்பில் 13 காயங்கள். வழக்கு கொலை வழக்காக மாறியது. போலீஸ்காரர்கள் கைதானார்கள்.

கட்சி வேறு, ஆட்சி வேறு, ஊர் வேறு. வசனம் மட்டும் ஒன்று. ஏனென்றால் இரண்டு முதலமைச்சர்களுக்கும் அதை எழுதிக் கொடுத்தது ஒரே துறை. இருவருமே அந்தத் துறைக்கு அமைச்சர்களும்கூட. அவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அதைவிட ஆபத்தானதைச் சொல்கிறேன். போலீஸ் சொல்வதைத் தவிர வேறு எதையும் தெரிந்துகொள்ள ஒரு முதலமைச்சருக்கே இங்கே வழி கிடையாது.

சாத்தான்குளத்தில் உண்மை எப்படி வெளியே வந்தது என்று யோசித்துப் பாருங்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே ஸ்டேஷனில் அவமதித்தார்கள். லத்திகளைக் கொடுக்கத் தயங்கினார்கள். சி.சி.டி.வி. பதிவுகள் தினமும் தானாகவே அழிந்துவிடும்படி செட் செய்யப்பட்டிருந்தன. கடைசியில் அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டது நீதிமன்றம். அங்கே பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விடிய விடிய அடித்தார்கள் என்று பயந்துகொண்டே சாட்சி சொன்னார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கவும் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததைத் தெரிந்துகொள்ள, போலீஸை அந்த ஸ்டேஷனிலிருந்து வெளியே நிறுத்தவேண்டி வந்தது. நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒரு வரிதான்.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் இன்னொன்று நடந்தது. நகை திருட்டுப் புகாரில், கோயில் காவலாளியான 27 வயது இளைஞரைத் தனிப்படை பிடித்தது. எஃப்.ஐ.ஆர். கிடையாது. வெவ்வேறு இடங்களில் வைத்து அடித்தார்கள். 44 காயங்கள். அரசு தன் குடிமகனையே கொன்றிருக்கிறது என்ற பொருளில் உயர் நீதிமன்றம் வேதனைப்பட்டது. அடித்ததை ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த வீடியோ வந்த பிறகுதான் ஊரே உலுக்கப்பட்டது. அந்த வீடியோ இல்லையென்றால் அந்த இளைஞருக்கும் ஒரு வலிப்பு நோயோ மூச்சுத்திணறலோ கிடைத்திருக்கும்.

உயர் நீதிமன்றம் விழித்துக்கொள்ள வேண்டும், ஒரு மாஜிஸ்திரேட் வளைந்து கொடுக்காமல் இருக்க வேண்டும், ஒரு பெண் காவலருக்குத் துணிச்சல் வர வேண்டும், யாரோ ஒருவர் கையில் செல்போன் இருக்க வேண்டும். இத்தனை அதிர்ஷ்டமும் சேர்ந்தால்தான் இங்கே ஒரு சாவுக்குக் கணக்கு கேட்க முடிகிறது. சாகாமல் வெறும் காது மட்டும் போனவருக்கு இதில் எந்த அதிர்ஷ்டம் கிடைக்கும்?

* * *

இதற்கு வழி தெரியாமல் இல்லை. உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்றே வழி சொல்லிவிட்டது. கேட்டவர் யாரோ ‘போலீஸ் விரோதி’ அல்ல. எல்லைப் பாதுகாப்புப் படைக்கும், உத்தரப்பிரதேச போலீசுக்கும் தலைவராக இருந்த பிரகாஷ் சிங். 1996ல் அவர் போட்ட வழக்குக்குப் பத்து வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஏழு உத்தரவுகள். அதில் ஒன்று, ஒவ்வொரு மாநிலத்திலும் மாவட்டத்திலும் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம்.

மாநில ஆணையத்துக்குத் தலைவர், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி. மாவட்டத்தில் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. தலைமை நீதிபதி கொடுக்கும் பட்டியலிலிருந்துதான் அரசு தேர்ந்தெடுக்க வேண்டும். காவலில் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்முறை, மிரட்டிப் பணம் பறித்தல், நில அபகரிப்புக்குத் துணைபோதல் எல்லாம் இந்த ஆணையங்கள் விசாரிக்க வேண்டியவை. அவை பரிந்துரைக்கும் நடவடிக்கை அரசைக் கட்டுப்படுத்தும்.

தமிழ்நாடு என்ன செய்தது? 2013ல் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. அதில் புகார் ஆணையமும் இருந்தது. மாநில ஆணையத்தின் தலைவர் யார் தெரியுமா? உள்துறைச் செயலாளர். உறுப்பினர்கள் யார்? டி.ஜி.பி.யும், சட்டம் ஒழுங்கு கூடுதல் டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர். உறுப்பினர்கள், மாவட்ட எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த எஸ்.ஐ. வரவழைத்த டீதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஒரு ஸ்டேஷனில் நான் பார்த்ததைத்தான் சட்டமன்றத்தில் சட்டமாகவே செய்திருக்கிறார்கள். நீதிபதிக்கென்று உச்ச நீதிமன்றம் போட்ட நாற்காலியில் போலீஸ் துறையின் செயலாளரை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் போலீஸ் அதிகாரிகளை நிறுத்திவிட்டு, அதற்குப் பெயர் புகார் ஆணையம்! வேலியே பயிரை மேய்ந்ததா என்பதை வேலியிடமே கேட்டு அறிக்கை வாங்குகிற ஏற்பாடு. அதையும் அமைத்து அரசாணை போடுவதற்கு 2019 ஆகிவிட்டது. அடுத்த வருடமே சாத்தான்குளம். அந்த ஆணையம் போய் உண்மையைக் கண்டுபிடித்ததாக நீங்கள் எங்காவது படித்தீர்களா?

* * *

“மனித உரிமை ஆணையம் இருக்கிறதே?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2021ல் தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த ஆணையத்துக்காக விசாரிக்கப் போவதும் போலீஸ் பிரிவுதான். சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் அது விசாரிக்க முடியாது. இழப்பீட்டை முதலில் கொடுப்பது நீங்களும் நானும் கட்டிய வரி.

“விசாரணைக் கமிஷன் போடுகிறார்களே?” போடுகிறார்கள். 2018ல் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததை விசாரிக்க, ஓய்வு பெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் கமிஷன் போட்டார்கள். அறிக்கை சட்டமன்றத்துக்கு வர 2022 அக்டோபர் ஆனது. 17 போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை கேட்டது அறிக்கை. கமிஷன் கேட்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்பது அரசின் விருப்பம். கமிஷன் என்பது கோபத்தை ஆறவைக்கும் பாத்திரம்.

“சி.சி.டி.வி. வைத்துவிட்டார்களே?” 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அது முடியாவிட்டால் ஒரு வருடமாவது என்றது. 2025 செப்டம்பரில் அதே உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன்களில் கேமரா வேலை செய்வதில்லை என்று மறுபடியும் தானாகவே ஒரு வழக்கை எடுக்க வேண்டியிருந்தது. கேமராவின் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கேமரா இருக்கிறதா என்பது அல்ல.

* * *

சரி, அரசியல்வாதிகளைத் திட்டியாயிற்று. இனி உங்களிடம் வருகிறேன்.

ஒரு புகைப்படம் அடிக்கடி வரும். கையில் மாவுக்கட்டோடு நிற்கும் இளைஞன். ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான்’ என்று கீழே செய்தி. அதை வாட்ஸ்அப்பில் நீங்கள் யாருக்கும் அனுப்பியதில்லையா? சிரிக்கும் பொம்மை போட்டதில்லையா? தமிழ்நாட்டு ஸ்டேஷன் பாத்ரூம்களில் மட்டும் ஏன் இத்தனை வழுக்கல் என்று கேட்காமல், ‘சூப்பர் சார்!’ என்று கைதட்டியதில்லையா? என்கவுன்ட்டர் செய்தி வந்தால் ஸ்வீட் கொடுக்கிற ஊர் நம்முடையது. என்கவுன்ட்டர் ஹீரோவுக்கு விசில் அடித்துவிட்டு, அடுத்த மாதமே லாக்கப் சித்திரவதையைக் காட்டும் படத்துக்குக் கண்ணீர் விடுகிற ஊரும் இதுதான்.

“ரவுடிக்கு என்ன சார் மனித உரிமை?” என்று கேட்கிறீர்கள். சாத்தான்குளத்தில் செத்தவர்கள் கடைக்காரர்கள். மெரினாவில் குதிரை ஓட்டியவர், கோயில் காவலாளி. அவர்களையும் யாரோ ஒருவர் அந்த நிமிடத்தில் குற்றவாளி என்று முடிவு செய்துதான் அடித்தார். ரவுடியின் கையை உடைக்க நீங்கள் கொடுத்த அனுமதிக்கு முகவரி எழுதப்படவில்லை. அது எந்த வீட்டுக்கும் வரும்.

“போலீஸின் மன உறுதி குலைந்துவிடும்” என்பது அடுத்த வாதம். மருத்துவர் தவறு செய்தால் கேட்க மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. நுகர்வோர் நீதிமன்றமும் இருக்கிறது. அதனால் யாரும் ஆபரேஷனை நிறுத்திவிடவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மட்டும் கேள்வி கேட்டால் மனம் உடைந்துவிடும் என்றால், அவரிடம் எப்படித் துப்பாக்கி கொடுத்தோம்?

உண்மையில், வெளியாள் விசாரிப்பதால் அதிகம் பயன்பெறப்போவது நேர்மையான போலீஸ்காரர்தான். மடப்புரத்தில் முதலில் கைதான ஐந்து பேரும் கீழ்நிலைக் காவலர்கள். தனிப்படையை அனுப்பச் சொன்னது யார் என்ற கேள்வி மேலே போகப் போக மெலிந்துவிடும். சங்கம் வைக்கும் உரிமைகூட இல்லாத ஒரு கான்ஸ்டபிள், ‘அடிக்கச் சொன்னது மேலதிகாரி’ என்று சொல்லவும் ஓர் இடம் வேண்டுமல்லவா? பொய்ப் புகாரில் மாட்டியவர், நான் செய்யவில்லை என்று நிரூபிக்கவும் நம்பகமான ஓர் இடம் வேண்டுமே! டிபார்ட்மென்ட் விசாரணையில் விடுதலையானால் நாமே நம்புவதில்லை. ‘அவங்க ஆளை அவங்க விடுவாங்க’ என்கிறோம்.

மற்ற இடங்களில் முடிந்திருக்கிறது. வட அயர்லாந்தில் 2000ஆம் ஆண்டிலிருந்து போலீஸ் மீதான புகார்களுக்கென்றே தனி ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. புகாரை வாங்குவதும் அவர்கள், விசாரிப்பதும் அவர்களுடைய சொந்த விசாரணை அதிகாரிகள். 29 பேர் செத்த ஓமா குண்டுவெடிப்பைப் போலீஸ் கையாண்ட விதத்தை 2001லேயே அந்த அலுவலகம் கடுமையாக விமர்சித்தது. போலீஸ் தலைவர் கொதித்தார். ஆனாலும் அலுவலகம் மூடப்படவில்லை. குண்டு வெடிக்கிற ஊரிலேயே இது முடிந்திருக்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாம், பக்கத்துக் கேரளாவில் மாநிலப் புகார் ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிதான் தலைவர். அங்கும் அதிகாரிகள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள், குறைகளும் உண்டு. ஆனால் தலைமை நாற்காலியில் உள்துறைச் செயலாளர் இல்லை. பாலக்காட்டில் முடிகிறது கோயம்புத்தூரில் முடியாதா?

* * *

நான் கேட்பது நாலே நாலு.

ஒன்று, ஆணையத்தில் பணியில் இருக்கும் போலீஸ் அதிகாரியோ உள்துறை அதிகாரியோ இருக்கக் கூடாது. நீதிபதியோடு ஒரு மருத்துவர், ஒரு வழக்கறிஞர், மக்களிடம் வேலை செய்தவர்கள் இருக்கட்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். அடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்களோ அந்தத் தெருக்காரர்களும் இருக்கட்டும்.

இரண்டு, விசாரணைக்குச் சொந்த ஆட்கள் வேண்டும். புகார் வந்த நிமிடத்தில் ஸ்டேஷனின் கேமரா பதிவையும் ஜெனரல் டைரியையும் கைப்பற்றும் அதிகாரம் வேண்டும்.

மூன்று, எந்தப் புகாரும் புகாருக்கு உள்ளான ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போகக் கூடாது. அனுப்பிய அதிகாரி மீதும் நடவடிக்கை வேண்டும்.

நாலு, சென்னை, ஆவடி, தாம்பரம், மதுரை, கோவை என்று ஒவ்வொரு மாநகரப் போலீசுக்கும் தனி ஆணையம் வேண்டும். எத்தனை புகார் வந்தது, எத்தனை நிரூபணமானது, யார் மீது என்ன நடவடிக்கை என்று வருடா வருடம் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. பத்து ரூபாய் செலவில், உள்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். புகார் ஆணையத்துக்கு எத்தனை புகார் வந்தது, எத்தனை முறை கூடினார்கள், எத்தனை பேர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள். இன்னொன்று இன்னும் மலிவு, காசே வேண்டாம். அடுத்த மாவுக்கட்டுப் படம் உங்கள் போனுக்கு வரும்போது, அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இதெல்லாம் புதுக் கவலை என்று நினைக்க வேண்டாம். 1854ல் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில், சென்னை மாகாணத்தில் மக்களைச் சித்திரவதை செய்வதை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். வரி வசூலுக்காகக் கிட்டி போட்டு விரலை நெரித்த கதைகளையெல்லாம் அது கேட்டது. 1855ல் கொடுத்த அறிக்கையில் அவர்கள் ஒன்றைச் சொன்னார்கள். சித்திரவதை நடக்கிறது என்பதைவிடத் தங்களை அதிகம் வருத்தியது, அதற்கு ஆளானவர்கள் நியாயம் தேடுவதில் படும் சிரமம்தான் என்று. அந்த அறிக்கைக்குப் பிறகு வந்ததுதான் 1859ஆம் வருடத்துப் போலீஸ் சட்டம். ஆக, நம் போலீஸ் பிறந்ததே, புகார் சொல்ல இடமில்லாத மக்களின் பெயரால்தான்.

170 வருடமாகிவிட்டது. வெள்ளைக்காரன் போய்விட்டான். கிட்டி போய் லத்தி வந்துவிட்டது. அந்த ஆட்டோ ஓட்டுநர் மட்டும் இன்றைக்கும் தினமும் அதே சிக்னலைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். போன வாரம் அவரைப் பார்த்தேன். வலது பக்கம் நின்று பேசினேன். “இந்தப் பக்கம் வாங்க சார், அந்தக் காதுல கேட்காது” என்றார்.